டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்

வாசகர் கேள்வி:

"என் அக்காவுக்கு வயது 58. ஏழு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, வாரம் ஒரு பாட்டில் என்று 12 வாரம் பாக்லிடாக்செல், அப்புறம் கதிர்வீச்சு, ஐந்து வருடம் டாமாக்சிஃபென் மாத்திரை என எல்லாம் முடித்து நன்றாகத்தான் இருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் இடுப்பு வலி என்று போனபோது முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருப்பதாகச் சொன்னார்கள். இப்போது லெட்ரோசோல், ரைபோசிக்லிப் மாத்திரைகளும் எலும்புக்கு ஊசியும் நடக்கிறது. அத்தானுக்குத் தெரிந்தவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்பினார். மூலிகைச் சாறு மார்பகப் புற்றுநோய் பரவுவதைத் தடுக்கிறது என்று அதில் இருக்கிறதாம். அத்தான் அதே மூலிகைகள் அடங்கிய கேப்சூல் டப்பா ஒன்றை வாங்கி வந்துவிட்டார். அமுக்கரா, மஞ்சள், மிளகுச் சத்து என்று அதில் எழுதியிருக்கிறது. மாத்திரையை மூன்று மாதம் நிறுத்திவிட்டு இதைக் கொடுத்துப் பார்ப்போம் என்கிறார். அக்காவோ, 'இரண்டையும் சாப்பிடுகிறேன், டாக்டரிடம் சொல்ல வேண்டாம், திட்டுவார்' என்கிறாள். மூலிகையில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? நான் என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

நாளைக் காலைக்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம். ரைபோசிக்லிப்பை மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விடுவது வழக்கம். மருத்துவர் சொன்ன அந்த இடைவெளியைத் தவிர வேறு எந்த நாளும் விடக் கூடாது. கேப்சூலை மருத்துவருக்குத் தெரியாமல் சேர்க்கவும் வேண்டாம். அக்கா ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரைப் பாருங்கள். மிச்சத்தை நிதானமாகப் பேசலாம்.

அத்தான் மேல் கோபப்படாதீர்கள். மனைவிக்கு நோய் திரும்பிவிட்டது என்று கேட்ட மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் தேடியிருக்கிறார். செடி கொடிகளில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறது என்று அவர் நம்புவதிலும் தவறில்லை. உண்மையிலேயே இருக்கிறது. உங்கள் அக்கா அதை ஏழு வருடத்துக்கு முன்பே 12 வாரம் ஏற்றிக்கொண்டார்.

பாக்லிடாக்செல் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்த மருந்து. 1962-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்தார். தாவரங்களில் புற்றுநோய்க்கு மருந்து தேடிய அரசுத் திட்டத்துக்காக அவர் செய்த வேலை அது. அந்தத் திட்டத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் சுமார் 35,000 தாவர இனங்களைச் சோதித்தார்கள். அவற்றில் மருந்தாகத் தேறியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். யூ பட்டையைப் பிரித்துப் பிரித்து, செல்லைக் கொல்லும் அந்த ஒரே ஒரு பொருளைத் தனியாக எடுத்தவர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வானியும். 12 கிலோ பட்டையிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது அரை கிராம்தான். அந்தப் பொருளின் வேதி அமைப்பு 1971-இல் வெளியானது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டுபிடித்தார். செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதற்குள் இருக்கும் நுண்குழல்கள் கூடிக் கூடிக் கலைய வேண்டும். இந்த மருந்து அவற்றைக் கலைய விடாமல் இறுக்கிவிடுகிறது. பிரியப் போன செல் பாதி வழியில் மாட்டிக்கொண்டு சாகிறது. 1992-இல் சினைப்பைப் புற்றுநோய்க்கும் 1994-இல் மார்பகப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது.

பட்டையை உரித்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 32 வருடம். இவ்வளவு காலம் என்னதான் செய்தார்கள் என்று அத்தான் கேட்கலாம். அக்காவுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு முறையும் பாட்டில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வாமைக்கு என்று ஊசி போட்டிருப்பார்கள். பாக்லிடாக்செல் தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்க ஒரு பொருளைச் சேர்த்தார்கள், அந்தப் பொருளே சிலருக்கு மூச்சுத் திணறும் அளவுக்கு ஒவ்வாமையைக் கொண்டுவந்தது. முன்கூட்டியே ஊசி போட்டால் அதைத் தடுக்கலாம் என்பதை நோயாளிகளிடம் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. விரல் நுனி மரத்துப்போகும், எந்த அளவுக்கு மரத்தால் மருந்தைக் குறைக்க வேண்டும் என்பதும், மூன்று வாரத்துக்கு ஒரு பெரிய டோஸைவிட வாரம் ஒரு சின்ன டோஸ் மார்பகப் புற்றுநோயில் நன்றாக வேலை செய்கிறது என்பதும் அப்படித்தான் தெரியவந்தன. காட்டுப் பட்டைக்கும் அக்காவின் கையில் ஏறிய பாட்டிலுக்கும் நடுவில் இவ்வளவும் இருக்கிறது. அதே யூ இன மரங்களின் இலையையோ விதையையோ அப்படியே மென்று விழுங்கினால் இதயமே நின்றுவிடலாம்.

இன்னொரு செடியைப் பற்றியும் சொல்கிறேன். பரவிய நோய்க்கு அதுதான் நெருக்கம். எத்தியோப்பியாவில் கிடைத்த மேடெனஸ் என்ற புதரிலிருந்து 1970-களின் தொடக்கத்தில் மேடன்சின் என்ற பொருளைப் பிரித்தார்கள். ஆய்வகத்தில் அது படு வீரியமாக இருந்தது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது புற்றுநோய் செல்லுக்கும் நல்ல செல்லுக்கும் வேறுபாடு பார்க்காமல் ஆளையே சாய்த்தது. அதனால் கைவிட்டார்கள். பல வருடம் கழித்து அதன் நெருங்கிய உறவான ஒரு மூலக்கூறை, ஹெர்-2 என்ற புரதம் உள்ள செல்லை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியோடு பிணைத்தார்கள். நஞ்சு வேண்டிய வாசலில் மட்டும் இறங்கியது. 2013-இல் பரவிய ஹெர்-2 வகை மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து அது. 2020-இல், ஹார்மோன் மருந்துக்கோ ஹெர்-2 மருந்துக்கோ கட்டுப்படாத மும்மை எதிர்மறை வகைக்கு வந்த சாசிடுசுமாப் கோவிடெகான் என்ற மருந்தின் நஞ்சும், சீனத்து மரம் ஒன்றிலிருந்து வால், வானி குழுவினர் 1966-இல் பிரித்தறிந்த பொருளின் வழிவந்ததுதான். நித்தியகல்யாணியின் வழியில் வந்த வினோரெல்பின் இன்றும் பரவிய மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. ஆகவே, "இங்கிலீஷ் மருந்துக்காரர்கள் மூலிகையை மதிப்பதில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேறியதை எல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் தேடிக்கொண்டும் இருக்கிறோம்.

சரி, அத்தானுக்கு வந்த கட்டுரைக்கு வருவோம். அதில் பொய் எழுதியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அமுக்கராவில் உள்ள விதாஃபெரின் ஏ என்ற பொருள், செல்லுக்கு உருவம் கொடுக்கும் விமென்டின் என்ற புரதத்தைக் குலைக்கிறது. எலிகளில் மார்பகப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவுவதையும் அது குறைத்திருக்கிறது. நல்ல ஆராய்ச்சி, தொடர வேண்டிய ஆராய்ச்சி. ஆனால் "பரவுவதைத் தடுக்கிறது" என்ற சொல் ஆய்வகத்தில் எதைக் குறிக்கிறது என்று அத்தான் ஒரு முறை பார்த்தால் போதும்.

படிக்கும் காலத்தில் அந்தச் சோதனையை நானே செய்திருக்கிறேன். உள்ளங்கை அகலத் தட்டில் மார்பகப் புற்றுநோய் செல்களை அடி முழுவதும் ஒரே படலமாக வளர விடுவோம். பிறகு பிளாஸ்டிக் குழாய் முனையால் நடுவில் ஒரு கோடு கீறுவோம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வயலின் நடுவே வெட்டிய வாய்க்கால் மாதிரி தெரியும். ஒரு தட்டில் வெறும் திரவம், இன்னொன்றில் மூலிகைச் சாறு ஊற்றுவோம். மறுநாள் அதே நேரத்துக்குப் போய்ப் பார்ப்போம். வெறும் திரவத்தில் இரு கரையிலிருந்தும் செல்கள் நகர்ந்து வாய்க்கால் மூடிப்போயிருக்கும். சாறு ஊற்றியதில் வாய்க்கால் அப்படியே திறந்திருக்கும். பார்க்கும்போது மனசு துள்ளும். எனக்கும் துள்ளியது. "பரவலைத் தடுக்கிறது" என்று தலைப்புப் போடும் கட்டுரைகள் பலவற்றின் அடியில் இந்தக் கீறல்தான் இருக்கிறது.

அந்தத் தட்டுக்கு ஈரல் கிடையாது, குடல் கிடையாது. ஊற்றிய சாறு அத்தனையும் செல்லின் மேலேயே நிற்கிறது. வாய்வழியே விழுங்கும் கேப்சூலுக்கு அந்த வசதி இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுச் சோதனைகளில் 10 முதல் 50 மைக்ரோமோலார் (ஒரு திரவத்தில் பொருள் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதன் அளவு) வரை ஊற்றித்தான் பலரும் பலன் காட்டினார்கள். மனிதர்களுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் கொடுத்து இரத்தத்தில் அளந்தபோது உச்சத்திலேயே சராசரியாக 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. அதுவும் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டது. குர்குமினை மருந்தாக்க முயன்ற ஆய்வுகளை எல்லாம் 2017-இல் வேதியியலாளர்கள் சிலர் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பது இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய சோதனைகளில் ஒன்றுகூட வெற்றி பெற்றதாக அவர்களால் சொல்ல முடியவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அக்காவின் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். எலிச் சோதனைகள் பலவற்றில் புற்றுநோய் செல்லைச் செலுத்திய உடனேயோ, சில சமயம் அதற்கு முன்பிருந்தேயோ சாற்றைக் கொடுக்க ஆரம்பிக்கிறார்கள். செல் கிளம்புவதற்குள் காவல் போடுகிறார்கள். ஆனால் அக்காவின் உடம்பில் செல்கள் கிளம்பி வருடங்கள் ஆகியிருக்க வேண்டும். ஏழு வருடத்துக்கு முன், அறுவை சிகிச்சைக்கு முன்பே அவற்றில் சில இரத்தத்தில் இறங்கியிருக்கலாம். அப்படி இறங்குபவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடும். தப்பிய ஒன்றிரண்டு எலும்புக்குள் போய் ஒடுங்கி, வளராமல் தூங்கும். டாமாக்சிஃபென் சாப்பிட்ட வருடங்களில் அது அவற்றை எழவிடாமல் வைத்திருந்திருக்கும். இப்போது எழுந்திருக்கின்றன. போய்ச் சேர்ந்து குடியேறிவிட்ட செல்லுக்கு, நடையைத் தடுக்கும் மருந்தால் என்ன செய்ய முடியும்? தேவைப்படுவது குடியேறிய இடத்தில் வளர விடாமல் செய்யும் மருந்து. லெட்ரோசோல் அந்தச் செல்களுக்குப் போகும் ஈஸ்ட்ரோஜனை வற்றச் செய்கிறது. ரைபோசிக்லிப் அவை பிரிவதற்கான விசையைப் பிடித்து நிறுத்துகிறது.

எலும்பு ஊசிக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. 1889-இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். இரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது, நோய் மட்டும் ஏன் சில உறுப்புகளையே தேடுகிறது? விதை எங்கும் தூவப்படுகிறது, தோதான மண்ணில் மட்டும்தான் முளைக்கிறது என்பது அவர் கண்ட விடை. எலும்பு அப்படி ஒரு மண். புற்றுநோய் செல் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடும். எலும்பு அரிபட்டதும் அதில் பொதிந்திருக்கும் வளர்ச்சிக் காரணிகள் வெளியே வந்து புற்றுநோய் செல்லுக்கே தீனியாகும். ஊசி அந்த அரிப்பை நிறுத்துகிறது. விதைக்கு மாத்திரை, மண்ணுக்கு ஊசி என்று அக்காவிடம் சொல்லுங்கள். எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று புரிந்தால் விடாமல் சாப்பிட மனசு வரும்.

இந்த மாத்திரைகளின் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் அத்தானுக்குச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற, ஹார்மோனால் வளரும் வகை நோய் முற்றியோ பரவியோ இருந்த 668 பெண்களிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு லெட்ரோசோல் மட்டும், பாதிப் பேருக்கு லெட்ரோசோலும் ரைபோசிக்லிப்பும். முதல் குழுவில் பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் சுமார் 51 மாதம், இரண்டாவது குழுவில் சுமார் 64 மாதம். ஒரு வருடத்துக்கு மேல் கூடுதல். இது தட்டிலோ எலியிலோ பார்த்த கணக்கு இல்லை, அக்காவைப் போன்ற பெண்களிடம் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து எடுத்தது. மூன்று மாதம் நிறுத்தினால் இதைத்தான் கைவிடுகிறோம். மருந்தை விட்டுவிட்டு மாற்று வழி மட்டும் தேடியவர்களைப் பற்றி 2018-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோய் பரவாத நிலையில் இருந்த மார்பகப் புற்றுநோயாளிகளிலேயே இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் கூடியிருந்தது.

"இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் என்ன?" என்பது அக்காவின் கட்சி. சமையலில் சேரும் மஞ்சளும் மிளகும் வேறு, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கேப்சூலில் அடைத்த சத்து வேறு. ரைபோசிக்லிப்பை உடைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள ஒரு நொதி. மிளகின் பைப்பரின் அந்த வகை நொதிகளைத் தடுக்கக்கூடியது. மஞ்சள் சத்தோடு அதைச் சேர்ப்பதே உடம்பு மஞ்சளைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றாமல் இருக்கத்தான். அது மஞ்சளோடு நிற்குமா? ரைபோசிக்லிப்பும் இரத்தத்தில் தேங்கினால் வெள்ளணு இறங்கும், இதயத் துடிப்பின் தாளம் மாறும். மருத்துவர் ஆரம்பத்திலேயே ஈசிஜி எடுத்துப் பார்த்தது அதற்காகத்தான். மருந்து குறைந்துபோகவும் வழி உண்டு. நெதர்லாந்தில் டாமாக்சிஃபென் சாப்பிட்ட பெண்களுக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. டாமாக்சிஃபெனின் செயல்படும் வடிவம் இரத்தத்தில் குறைந்தது, மிளகுச் சத்தையும் சேர்த்தபோது 12 சதவீதம் வரை இறங்கியது. உங்கள் டப்பாவில் இருப்பதும் அதே ஜோடி.

அமுக்கராச் சத்தால் ஈரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். என்னிடம் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோய் எலும்பில் மட்டும்தான், மாத்திரை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஈரல் பரிசோதனை அளவுகள் பல மடங்கு ஏறி வந்தன. மாத்திரையால் இருக்கும் என்று நிறுத்தினேன். இறங்கவில்லை. ஈரலிலும் பரவிவிட்டதோ என்று ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் அவர் மகன் தயங்கித் தயங்கி ஒரு பொடி டப்பாவைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். பொடியை நிறுத்தியதும் அளவுகள் இறங்கத் தொடங்கின. ஆனால் வேலை செய்துகொண்டிருந்த மருந்தை மூன்று வாரம் இழந்திருந்தோம், "ஈரலிலும் வந்துவிட்டதா" என்று அந்தக் குடும்பம் மூன்று வாரம் தூங்காமல் இருந்தது. நானும் அவரிடம் அதற்கு முன் ஒரு முறைகூட வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கவில்லை. அதிலிருந்து முதல் நாளே எல்லோரிடமும் கேட்கிறேன், கேட்டுவிட்டுத் திட்டுவதும் இல்லை. அக்காவின் மருத்துவர் ஒருவேளை முகம் சுளிக்கலாம். சுளித்தாலும் பரவாயில்லை, ஈசிஜியிலோ இரத்தப் பரிசோதனையிலோ ஏதாவது மாறினால் எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

லேபிளில் எழுதாததும் உள்ளே இருக்கலாம். மூலிகை என்று விற்ற பொருட்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பரிசோதனைகள் பல முறை காட்டியிருக்கின்றன. ஈயம், பாதரசம் இருந்ததும் உண்டு. சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி குறைந்து பசி எடுத்து முகம் தெளிந்தால் "மூலிகை கேட்கிறது" என்று சந்தோஷப்படத் தோன்றும். எனக்கு அப்போது ஸ்டீராய்டுச் சந்தேகம்தான் வரும். அக்கா பல வாரமாகச் சாப்பிட்டு வந்து, நிறுத்திய பின் தலைசுற்றல், வாந்தி, அசதி என்று விழுந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அத்தானுடைய தேடலுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அடுத்த முறை அவரையே கூட அழைத்துப் போங்கள். கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுபோய், "இது மனிதர்களிடம் சோதிக்கப்பட்டதா, அக்காவுக்குப் பொருந்தும் மருத்துவ ஆய்வு எதாவது நடக்கிறதா?" என்று அவர் வாயாலேயே கேட்கட்டும். தாவர மூலக்கூறோ வேறு எதுவோ, அப்படிப்பட்ட ஆய்வில் சேர்ந்தால் என்ன அளவு என்பதும் தெரியும், ஈரலையும் இதயத்தையும் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார்கள், கிடைக்கும் விடை அக்காவுக்குப் பின்னால் வருபவர்களுக்கும் உதவும்.

அக்கா தானாக எதாவது செய்ய வேண்டும் என்று துடிப்பதும் எனக்குப் புரிகிறது. நடக்கச் சொல்லுங்கள். எந்த எலும்பு பலவீனமாக இருக்கிறது, எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தினமும் நடந்தால் மருந்து தரும் அசதி நன்றாகக் குறையும். எலும்பு ஊசி நடக்கும்போது பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம், அதனால் பல் மருத்துவரிடம் போகும்போதெல்லாம் இந்த ஊசியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

முதுகெலும்பில் நோய் இருப்பதால் இன்னும் ஒன்றை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். முதுகு வலி திடீரென்று கூடினாலோ, கால் வலுவிழந்து தடுமாறினாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தமாகலாம். அன்றைக்கே சிகிச்சை கிடைத்தால் நடையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு, இரண்டு நாள் கழித்துப் போனால் அது கடினம். ராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "முதுகெலும்பில் புற்றுநோய் பரவியிருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.